கேம் விளையாடும்போது நம் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒழுங்கை ஒன்றில் நான் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் தம்பிமாரும் தங்கச்சிமாரும், சில நேரம் அவர்களுடைய அம்மா அப்பாவும், கேமும் பாட்டும் சேர்ந்த இந்த விஷயத்தில் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக நானும் இப்படித்தான் விளையாடுகிறேன். அதனால் சில பதில்கள் நீளும்.

கேமில் ஏற்கெனவே இசை இருக்கிறது. பிறகு நம் பாட்டு எதற்கு?

2003இல் ஜிடிஏ வைஸ் சிட்டி என்ற கேம் கணினிக்கு வந்தது. அப்போது எங்கள் ஒழுங்கை முனையில், மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் நெட் கஃபே ஒன்று இருந்தது. அதை நடத்திய அண்ணா, கேம் நிறுவியிருந்த இடத்தில் எம்பி3 என்று ஒரு கோப்புறை இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்குள் தமிழ்ப் பாட்டுகளைப் போட்டு வைத்திருந்தார். காரில் ஏறி வானொலி நிலையங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனால் கடைசியில் நம் பாட்டு வரும். மியாமியைப் பார்த்து வரைந்த ஊர் அது. ஒரு பக்கம் கடல், வீதி ஓரமாகப் பனை வகை மரங்கள், பின்னால் மாடிக் கட்டடங்கள். அம்மா சமைக்கும்போது வானொலியில் கேட்ட பாட்டு அந்தக் காருக்குள் ஒலித்ததும் அந்த ஊர் எங்கள் ஊராகிவிட்டது. பக்கத்துக் கதிரைகளில் இருந்த பெடியன்களும் எழும்பி வந்து பார்த்தார்கள்.

நம் பாட்டு எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். வேறு யாரோ செய்த உலகத்துக்குள் நம்முடைய ஒன்றைக் கொண்டுபோய் வைக்கிறோம். உடுப்பு மாற்றுவதிலும் கார் நிறம் மாற்றுவதிலும் கிடைக்காத உரிமை அதில் கிடைக்கிறது.

ஆராய்ச்சியும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. காசிடி, மக்டொனால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் கார் ஓட்டும் கேம் ஒன்றை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலர் மௌனத்தில் ஓட்டினார்கள், சிலர் வண்டிச் சத்தத்தோடு, சிலர் ஆய்வாளர் தேர்ந்தெடுத்த இசையோடு, சிலர் தாங்களே தேர்ந்தெடுத்த இசையோடு. சொந்த இசையோடு ஓட்டியவர்கள்தான் கூடுதலாக ரசித்தார்கள், கவனம் சிதறியதாகக் குறைவாக உணர்ந்தார்கள். மோசமான அனுபவம், ஆய்வாளர் தேர்ந்தெடுத்த வேகமான இசை கிடைத்தவர்களுக்கு. பாட்டு நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

இது இப்போது வந்த பழக்கமா?

பிளேஸ்டேஷன் ஒன்று காலத்திலேயே இருந்தது. 1994இல் ஜப்பானில் வந்த ரிட்ஜ் ரேசர், முழுவதும் நினைவகத்தில் ஏறிவிடும். ஏறிய பிறகு கேம் தட்டை எடுத்துவிட்டு நம் பாட்டு இறுவட்டைப் போட்டால், அந்தப் பாட்டோடு பந்தயம் ஓடலாம். 1999இல் வந்த விப்-ரிப்பன் இன்னும் ஒரு படி மேலே போனது. நாம் போடும் இறுவட்டின் இசையை அது படித்து, அதற்கு ஏற்றபடி பாதையில் மேடு பள்ளங்களை வரையும். வெள்ளைக் கோடுகளால் ஆன ஒரு முயல் அதில் நடந்து போகும். அமைதியான பாட்டு என்றால் பாதை இலகு, அடி கூடிய பாட்டு என்றால் கஷ்டம்தான்.

2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் இறுவட்டுப் பாட்டுகளை உள்ளே ஏற்றிவைத்து, ஆதரவு உள்ள கேம்களில் போடலாம். 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இல் எந்தக் கேமிலும் போட முடிந்தது. பிளேஸ்டேஷன் 3க்கு அந்த வசதி 2008இல்தான் வந்தது, அதுவும் கேம் செய்தவர்கள் அனுமதித்தால் மட்டும்.

சரி, முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேமின் அமைப்புகளுக்குள் போய் ஒலிப் பகுதியைத் திறவுங்கள். பெரும்பாலான கேம்களில் இசை, பேச்சு, ஓசைகள் என்று மூன்று அளவுகள் தனித்தனியாக இருக்கும். இசையை மட்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். மற்ற இரண்டையும் தொட வேண்டாம்.

பலர் இந்த ஒரு இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். முழுச் சத்தத்தையும் அணைத்துவிட்டுப் பாட்டைப் போடுகிறார்கள். பிறகு கேம் செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று சொல்கிறார்கள். அது சரிதான், காலடி, கதவு, மழை, இயந்திரத்தின் உறுமல் எல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது படம் மட்டும். மைன்கிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இசைக்கு ஓர் அளவு, பகை உயிர்களுக்கு ஓர் அளவு, காலநிலைக்கு ஓர் அளவு என்று தனித்தனியே உண்டு. இசையைப் பூச்சியமாக்கினாலும், முதுகுக்குப் பின்னால் கிரீப்பர் வந்து சீறுவது காதில் விழ வேண்டும். விழாவிட்டால் இரண்டு மணித்தியாலம் கட்டிய வீடு போய்விடும்.

அடுத்து, பாட்டின் சத்தத்தைக் கேமின் சத்தத்துக்குக் கீழே வையுங்கள். விண்டோஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகச் சத்தம் வைக்கும் வசதி 2007இல் விஸ்டாவோடு வந்தது. இப்போது ஒலி அமைப்புகளுக்குள் வால்யூம் மிக்சர் என்ற பெயரில் இருக்கிறது. விளையாட்டின் நடுவில் என்றால் விண்டோஸ் விசையையும் ஜி எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். கேம் பார் திறக்கும், அதே அளவுகள் அங்கேயும் இருக்கும். நான் கேமை 100இல் விட்டு, பாட்டை 35க்கும் 45க்கும் இடையில் வைப்பேன். பாட்டின் வரி விளங்க வேண்டும், ஆனால் யாராவது பேசினால் பேச்சுத்தான் மேலே நிற்க வேண்டும்.

எந்தக் கேமில் இதைச் செய்யக் கூடாது?

கதைக்காக விளையாடும் கேமை முதல் தடவை அதனுடைய சொந்த இசையோடு முடியுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருவர் மாதக்கணக்காக உட்கார்ந்து அந்தக் காட்சிக்கென்று இசை செய்திருக்கிறார். கேட்காமலே அணைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம், நமக்கும் நட்டம். இரண்டாவது தடவை விளையாடும்போது உங்கள் விருப்பம்.

இசையே தகவலாக இருக்கும் கேம்களும் உண்டு. 2008இல் வந்த லெஃப்ட் 4 டெட்டில் டாங்க் என்ற பெரிய பிசாசு வரும்போது அதற்கென்று ஓர் இசை எழும். வேறு வகைகளுக்கும் சின்னச் சின்ன இசைக் குறிகள் உண்டு. பழகியவர்கள் கண்ணால் காணுமுன் காதால் அறிந்து ஆயத்தமாகிவிடுவார்கள். ரெசிடெண்ட் ஈவிலில் சேமிக்கும் அறைக்குள் போனதும் ஒரு மெல்லிய இசை வரும். ‘இங்கே உனக்கு ஒன்றும் நடக்காது’ என்று அது சொல்கிறது. அதன்மேல் குத்துப் பாட்டைப் போட்டால் அந்த நிம்மதி கிடைக்காது. ஹை-ஃபை ரஷ் போல, தாளத்துக்கு அடிக்க வேண்டிய கேம்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பிறகு போட்டிக் கேம்கள். கவுண்டர் ஸ்ட்ரைக், வாலரண்ட் போன்றவற்றில் எதிரி எந்தப் பக்கம் நடக்கிறான், மரத்தில் நடக்கிறானா உலோகத்தில் நடக்கிறானா என்பதெல்லாம் காதில்தான் தெரியும். நான்கு பேர் உங்களை நம்பி விளையாடும் ஆட்டத்தில் பாட்டு வேண்டாம். தனியாகக் குறி பழகும்போது கேளுங்கள்.

கேமுக்குள்ளேயே பாட்டைப் போடலாமா?

சில கேம்களில் போடலாம், எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். பாட்டு வெளியே எங்கேயோ ஓடாமல், கேமின் காரிலிருந்தே வருகிறது. காரை விட்டு இறங்கினால் பாட்டும் நிற்கிறது.

ஜிடிஏ 5இன் கணினிப் பதிப்பில் இதற்கு செல்ஃப் ரேடியோ என்று பெயர். ஆவணங்கள் கோப்புறைக்குள் ராக்ஸ்டார் கேம்ஸ், அதற்குள் ஜிடிஏ 5, அதற்குள் யூசர் மியூசிக் என்று ஒரு கோப்புறை இருக்கும். பாட்டுகளை அதில் போட்டு, கேமின் ஒலி அமைப்புகளில் தேடச் சொல்லிவிட்டால் வானொலி வட்டத்தில் புதிய நிலையம் வந்துவிடும். அதில் ரேடியோ என்ற முறையைத் தெரிவு செய்தால் உங்கள் பாட்டுகளுக்கு இடையில் அறிவிப்பாளர் பேச்சும் விளம்பரமும் வரும். நம் பாட்டு முடிந்ததும் யாரோ ஓர் அமெரிக்க அறிவிப்பாளர் பேசத் தொடங்குவது அவ்வளவு சந்தோஷமான விஷயம். ஒரு தடவையாவது செய்து பாருங்கள்.

சிம்ஸ் 4இல் கஸ்டம் மியூசிக் என்ற கோப்புறை இருக்கிறது. வானொலி வகைகளுக்கு ஏற்ப உள்ளே தனிக் கோப்புறைகள் இருக்கும். அதில் போட்டால் உங்கள் சிம்மின் வீட்டு வானொலியில் அந்தப் பாட்டு ஓடும்.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2க்குத்தான் நான் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஆவணங்களில் அந்தக் கேமின் கோப்புறைக்குள் மியூசிக் என்று ஒன்று இருக்கும். எம்பி3 கோப்புகளை அதில் போட்டால் லொறியில் கேட்கலாம். அதைவிடப் பெரிய விஷயம் இணைய வானொலி. அதே இடத்தில் லைவ் ஸ்ட்ரீம்ஸ் என்ற பெயரில் ஓர் எழுத்துக் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் ஒரு வரிக்கு ஒரு நிலையம். முதலில் நிலையத்தின் ஒலியோடை முகவரி, பிறகு பெயர், வகை, மொழி, தரம், பிடித்ததா இல்லையா என்று நிலைக்குத்துக் கோடு (|) போட்டுப் பிரித்து எழுதியிருப்பார்கள். கடைசி வரியைப் பிரதி எடுத்து, அடைப்புக்குள் உள்ள இலக்கத்தை ஒன்று கூட்டி, நம் வானொலியின் முகவரியையும் பெயரையும் இடுங்கள். கோப்பின் மேலே மொத்தம் எத்தனை நிலையம் என்று ஓர் எண் இருக்கும். அதையும் ஒன்று கூட்ட மறக்க வேண்டாம். மாற்றிய கோப்பின் பிரதி ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். கேமில் நிலையப் பட்டியலை இணையத்திலிருந்து புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் நீங்கள் சேர்த்தது அழிந்துவிடும்.

இரவு பத்து மணிக்குப் பிறகு, ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் மழைக்குள் லொறி ஓட்டிக்கொண்டு நம் தமிழ் வானொலிகளான சூரியனையோ சக்தியையோ தென்றலையோ கேட்பது எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு வார்த்தை வருவதில்லை. ‘வெள்ளவத்தையிலிருந்து விரும்பிக் கேட்பவர்’ என்று அறிவிப்பாளர் சொல்லும்போது நீங்கள் டிரெஸ்டன் பக்கம் எங்கேயோ இருப்பீர்கள். வெளிநாட்டில் உண்மையாகவே லொறி ஓட்டும் நம் ஆட்களும் இப்படித்தான் இலங்கை வானொலி கேட்டுக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு மாமா எனக்குச் சொன்னார். அதிலிருந்து அந்தக் கேமை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன்.

என்னிடம் இருப்பது பழைய எம்பி3 பாட்டுகள். ஒன்று கத்துகிறது, மற்றது கேட்கவே இல்லை. என்ன செய்வது?

ஒரு காலத்தில் 700 எம்பி இறுவட்டு ஒன்றில் நூற்று நாற்பது பாட்டு வரை வாங்குவோம். ஒலிநாடாவிலிருந்து ஏற்றிய எண்பதுகளின் பாட்டும், புதுப் படப் பாட்டும் ஒன்றாகக் கிடக்கும். பழையவை மெதுவாகப் பதிந்தவை, புதியவை இறுக்கிச் சத்தமாகச் செய்தவை. சில பாட்டுச் செயலிகள் இந்த வித்தியாசத்தைத் தாமாகச் சமப்படுத்தும். கேமுக்குள் இருக்கும் வானொலி பெரும்பாலும் அதைச் செய்யாது. எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருளில் முழுக் கோப்புறையையும் போட்டு ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அது பாட்டை மறுபடி சுருக்குவதில்லை, சத்த அளவைக் குறிக்கும் இலக்கத்தை மட்டும் மாற்றுகிறது. அதனால் தரம் குறையாது.

கோப்பின் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் பழைய கேம்கள் அதை எடுக்காமல் விடலாம், அல்லது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் காட்டலாம். அவற்றுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயரை மாற்றிவிடுங்கள்.

பழைய கோப்புகளை அழித்துவிட வேண்டாம் என்றும் சொல்வேன். ஜிடிஏ 4 வெளிவந்து பத்து வருடம் ஆனதும், 2018இல், உரிமம் முடிந்த பாட்டுகளை அதன் வானொலிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் கேமிலிருந்தும் அவை போயின. உங்கள் வன்தட்டில் உள்ள பாட்டை யாரும் எடுக்க மாட்டார்கள்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச்?

பிளேஸ்டேஷன் 4இல் இரண்டு வழி. 2015இல் ஸ்பொட்டிஃபை என்ற இணையப் பாட்டுச் சேவை வந்தது. அது இல்லாதவர்கள் யூஎஸ்பி பென் ஒன்றில் மியூசிக் என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புறை போட்டு, பாட்டுகளை அதில் வைத்துச் செருகலாம். பிளேஸ்டேஷன் 5இல் தொடக்கத்திலிருந்தே ஸ்பொட்டிஃபை உண்டு, 2021இல் ஆப்பிள் மியூசிக்கும் சேர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு ஸ்பொட்டிஃபை 2017இல் வந்தது, பிறகு வந்த எக்ஸ்பாக்ஸ்களிலும் இருக்கிறது. விளையாட்டின் நடுவில் பிஎஸ் பொத்தானையோ எக்ஸ்பாக்ஸ் பொத்தானையோ அழுத்தினால் பாட்டை மாற்றலாம்.

இலங்கைக்கு ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முதல் வேறு நாட்டுக் கணக்கு வைத்து மல்லுக்கட்டியவர்கள் இனி அப்படிச் செய்யத் தேவையில்லை.

நின்டெண்டோ ஸ்விட்சில் பின்னணியில் பாட்டுப் போட வழி இல்லை. போனில் பாட்டை ஓட விடுங்கள். சாதனங்களை எப்படிச் சேர்ப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

போனில் கேமைத் திறந்ததும் பாட்டு நின்றுவிடுகிறது. ஏன்?

ஆண்ட்ராய்டில் ஒரு செயலி ஒலிக்கத் தொடங்கும்போது ‘இப்போது என்னுடைய முறை’ என்று போனிடம் கேட்கும். போன் அதைப் பாட்டுச் செயலிக்குச் சொல்லும், அது நின்று கொடுக்கும். கேம் அந்தக் கேள்வியைத் திறக்கும்போது ஒரு தடவை மட்டும் கேட்பதுதான் வழமை. அதனால் கேமை முதலில் திறந்து, முதல் திரை வந்த பிறகு மேலிருந்து அறிவிப்புப் பட்டியலை இழுத்துப் பாட்டை மறுபடி ஓடவிடுங்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து ஓடும். சாம்சங் போன் என்றால் சவுண்ட் அசிஸ்டன்ட் என்ற அவர்களுடைய செயலியில் இரண்டு செயலிகளை ஒன்றாக ஒலிக்க விடும் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை முடிந்தது.

ஐபோனில் அது கேமைச் செய்தவர்கள் கையில். மற்ற ஒலியோடு கலக்கலாம் என்று அவர்கள் எழுதியிருந்தால் கலக்கும். இல்லாவிட்டால் கட்டுப்பாட்டுத் திரையிலிருந்து மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை.

யூடியூபில் பாட்டுக் கேட்பவர்களுக்கு: கட்டணக் கணக்கு இல்லாவிட்டால் வேறு செயலிக்குப் போனதும் அது நின்றுவிடும். அது போனின் பிழை இல்லை.

நண்பனோடு பேசத் தொடங்கியதும் பாட்டு பாதியாகக் குறைகிறது.

இதற்காகக் கணினியைத் தூக்கிக்கொண்டு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போக வேண்டாம். விண்டோஸின் பழைய ஒலிப் பலகையில் தொடர்பாடல் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அழைப்பு வந்தால் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறை என்று அதில் தெரிவு செய்திருக்கும். ‘ஒன்றும் செய்யாதே’ என்பதற்கு மாற்றுங்கள். நண்பர்களோடு பேசும் டிஸ்கார்ட் செயலியிலும் இதே போல் ஓர் அமைப்பு உண்டு, அதையும் பூச்சியமாக்குங்கள்.

பாட்டு குறையாமல், பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் தரம் கெட்டுப்போனால் காரணம் வேறு. புளூடூத் ஹெட்செட்டின் மைக் திறந்ததும் அது அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. மைக்குக்கு வேறு ஒன்றைப் பாவியுங்கள், கணினியில் உள்ளதே போதும்.

புளூடூத் நல்லதா, வயர் நல்லதா?

கேமின் ஓசைக்கு வயர். சாதாரண புளூடூத்தில் ஒலி, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிந்தி வரும். துப்பாக்கி வெடித்து, பிறகு சத்தம் வருவது சுடும் கேமில் தாங்காது. பாட்டு எவ்வளவு பிந்தினாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே ஸ்விட்ச் விளையாடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கேமின் சத்தத்தை ஸ்பீக்கரில் மெதுவாக விட்டு, போனிலிருந்து ஒரு காதில் மட்டும் புளூடூத்தில் பாட்டுக் கேளுங்கள். மற்றக் காது திறந்திருக்கும், அம்மா கூப்பிட்டாலும் கேட்கும். இதைச் சொன்ன பிறகு பல வீடுகளில் சண்டை குறைந்ததாகத் தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

காசு கூடினாலும் பரவாயில்லை என்றால், கேமைக் கணினியில் செருகும் டொங்கிள் வழியாகவும் போனைப் புளூடூத் வழியாகவும் ஒரே நேரத்தில் எடுத்துக் கலக்கும் ஹெட்செட்டுகள் இருக்கின்றன. வாங்கும்போது ‘ரெண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யுமா’ என்று வடிவாகக் கேட்டு, கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் தெரிவு செய்யும் வகையும் அதே பெட்டியில் அதே மாதிரி எழுதி விற்கப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயர் மலிவாகக் கிடைக்கும். அதைத் தலைகீழாகப் போட்டு, போனையும் கணினியையும் ஒரே ஹெட்செட்டில் சேர்க்க வேண்டாம். அது ஒன்றை இரண்டாக்கச் செய்தது. தலைகீழாகப் போட்டால் ஒரு சாதனத்தின் மின்சாரம் மற்றச் சாதனத்துக்குள் தள்ளும். சத்தமும் குறையும், நாளடைவில் துளையும் பழுதாகலாம். இரண்டு ஒலியையும் கலக்கும் சின்ன மிக்சர் ஒன்று வாங்குங்கள்.

எந்தக் கேமுக்கு எந்தப் பாட்டு?

உங்கள் ரசனைக்குள் நான் கை வைக்க மாட்டேன். என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். கார்ப் பந்தயத்துக்கு எந்தப் பாட்டும் போகும், வரி இருந்தாலும் பரவாயில்லை. வாசிக்க நிறைய இருக்கும் கேமில் வரி உள்ள பாட்டு ஒத்துவராது. கண் ஒரு சொல்லைப் படிக்கும்போது காது இன்னொரு சொல்லைக் கொண்டுவருகிறது. அங்கே நாதஸ்வரம், வீணை, புல்லாங்குழல் போடுங்கள். ஊர் கட்டும் கேம்களுக்கு ராகம் விரித்து வாசிக்கும் நீண்ட கச்சேரி அற்புதமாகப் பொருந்தும். நாற்பது நிமிடம் பாட்டு மாற்றத் தேவையில்லை, ஒரு தனியாவர்த்தனம் முடியும்போது ஒரு பாலம் கட்டி முடிந்திருக்கும்.

கிரிக்கெட் கேமுக்கு ஒரே ஒரு பதில்தான், பப்பரே. கெத்தாராமவில் ஆர். பிரேமதாச மைதானத்துக்கோ எஸ்எஸ்சிக்கோ மட்ச் பார்க்கப் போனவர்களுக்கு அந்த ட்ரம்பெட்டும் ட்ரம்மும் இல்லாத கிரிக்கெட் அரைக் கிரிக்கெட்தான். கேம்களில் கூட்டத்தின் சத்தம் எந்த நாட்டுக் கூட்டமோ மாதிரி இருக்கும். ஈஏ கிரிக்கெட் 07 காலத்திலிருந்து நாங்கள் வர்ணனையைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் பப்பரே போட்டுத்தான் விளையாடுகிறோம். கடைசி ஓவரில் பன்னிரண்டு ஓட்டம் தேவைப்படும்போது அந்த ட்ரம்பெட் எழும்பினால் மயிர் சிலிர்க்கும்.

டேட்டா எவ்வளவு போகும்? பிங் கூடுமா?

நொடிக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 72 எம்பி. 320இல் அதன் இரட்டிப்பு. 96இல் 43 எம்பி அளவு, கேமுக்குப் பின்னால் ஓடும் பாட்டுக்கு அதுவே காணும். இந்த அளவால் பிங், அதாவது இணையத்தில் தகவல் போய்வர எடுக்கும் நேரம், கூடிவிடாது. வீடியோவாகப் பாட்டை ஓடவிட்டால், அல்லது விளையாடும் நேரத்திலேயே ஒரு பட்டியல் முழுவதையும் தரவிறக்கினால் கூடும். முதல் நாளே தரவிறக்கி வையுங்கள்.

பிள்ளையின் காது பழுதாகாதா?

தாய்மார் எல்லோரும் கேட்பது இது. கேட்க வேண்டியதும் இதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். பெரியவர்களுக்கு 83இல் 20 மணித்தியாலம், 86இல் 10, 89இல் 5.

பாட்டும் கேமும் சேரும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே அளவான இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் மொத்தம் 3 டெசிபல் கூடும். அதாவது கேமை அதன் அளவிலேயே விட்டுவிட்டு, அதே அளவில் பாட்டையும் சேர்த்தால், காதுக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிட்டது. பாட்டைச் சேர்த்தால் மொத்தச் சத்தத்தை ஒரு படி இறக்குங்கள்.

எங்கள் பக்கத்தில் ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் காலி வீதி பஸ், மறுபக்கம் கடற்கரைக் கோச்சி. கோச்சி போகும்போது சத்தத்தைக் கூட்டுகிறோம், போன பிறகு குறைக்க மறந்துவிடுகிறோம். காதை முழுவதும் மூடும் ஹெட்செட் இருந்தால் கூட்டவே தேவைப்படாது. பிள்ளைக்கு வாங்கும்போது வெளிச்சம் மினுங்கும் ஹெட்செட்டை விட, மூடி நிற்கும் ஹெட்செட்டை வாங்குங்கள். விளையாடி முடிந்த பிறகு காதுக்குள் இரைந்தால் அன்றைக்குச் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். அடிக்கடி இரைந்தால் காது வைத்தியரிடம் காட்டுங்கள்.

விளையாடுவதை நேரலையில் போடுகிறேன். என் பாட்டும் போகலாமா?

அனுமதி இல்லாமல் போட வேண்டாம். யூடியூப் தானாகக் கண்டுபிடித்து உரிமையாளருக்குத் தெரிவிக்கும். 2020இல் டிவிட்ச் என்ற நேரலைத் தளத்தில் பழைய வீடியோக்களைக் கூட்டமாக நீக்க வேண்டி வந்ததும் பாட்டு உரிமையால்தான். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டைப் பாதுகாக்கிறது. நம் பாட்டுக்காரர்கள் பிழைப்பதும் அதனால்தான்.

பாட்டு உங்கள் காதுக்கு மட்டும் வர வழி இருக்கிறது. நேரலை போடப் பாவிக்கும் ஓபிஎஸ் மென்பொருளில் முழுக் கணினியின் ஒலியை எடுப்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட செயலியின் ஒலியை மட்டும் எடுக்கும் தெரிவைப் போட்டு, கேமை மட்டும் காட்டுங்கள். 2022இல் வந்த 28ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. கேமின் சொந்த வானொலியில் வரும் பாட்டுக்கும் உரிமை கேட்பார்கள், அதையும் அணைத்துவிடுங்கள்.

கொழும்பில் சொந்தமாகப் பாட்டுச் செய்து போடும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பி, உங்கள் பாட்டை என் நேரலையில் போடலாமா என்று கேளுங்கள். நான் கேட்டவர்கள் ஒருவரும் மறுக்கவில்லை.

இரண்டு பேர் ஒரே அறையில் விளையாடுகிறோம். யாருடைய பாட்டைப் போடுவது?

எங்கள் வீட்டில் தோற்றவர் அடுத்த பாட்டைத் தெரிவு செய்வார். என் தங்கச்சி நன்றாக விளையாடுவாள், அதனால் பெரும்பாலும் என் பாட்டுத்தான் ஓடும்.